குழல்வாய்மொழியின் கணக்கு

ஜூன் 9, திங்கள்

மைமூன் நாலு மணிக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் போனை நீட்டினாள். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படமாம். லேப் ஆட்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும் பக்கம். கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

“யக்கா, மொழியக்கா ஆன்லைன்ல இருக்காவ.”

“நெட்டு கோளாறா இருக்கும்ளா.”

“மவுத்தாகி மூணு மாசமாச்சு. இன்னா பாருங்க, பேருக்குக் கிட்ட பச்சையா எரியுது. சோறு இறங்கல எனக்கு.”

நான் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் ஆள் நின்றது. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க ஒரு பெரியவர், காய்ச்சலுக்கு ஒரு குழந்தை. மைமூன் வேலையைப் பார்த்தாள். ஆனால் இறந்துபோன என் தங்கை மொழியின் நாற்காலிப் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. ஸ்லைடு காய நேரமாகிறது.

ஜூன் 11, புதன்

எங்களுக்குச் சாம்பிள் அனுப்பும் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். பக்கத்து ஊர் லேப் ஒன்றில் யாரோ கம்ப்யூட்டர்களை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்களாம். நோயாளிகளின் ரிப்போர்ட் எதையும் திறக்க முடியவில்லை. அதனால் இந்த மாதத்துக்குள் நாங்களும் முறையான ஆளை வைத்துப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தாக வேண்டும். இல்லையென்றால் சாம்பிள் கிடையாது. அவர்கள் சாம்பிள் இல்லாமல் இந்த லேப் ஓடாது.

கீழே கடை வைத்திருப்பவர் ஆன்டிவைரஸ் போட்டுத் தருகிறேன் என்றார். அது மட்டும் போதாதாம், ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் ஆள் பார்த்துப் பேசி முடிப்பவள் மொழி. லேப்பில் எங்கள் பங்கு அப்படித்தான் பிரிந்திருந்தது. நான் மைக்ராஸ்கோப்பைப் பார்ப்பேன். என் தங்கை ஆட்களைப் பார்ப்பாள். ரிப்போர்ட்டில் கெட்டது ஏதாவது இருந்தால் அவள்தான் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வாள். “பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்” என்பாள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. அவளுடைய நோயை ஸ்லைடில் முதலில் பார்த்தவளும் நான்தான். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

மொழியிடமிருந்து மெயில். “அக்கா.. சாப்பிட்டியா? சும்மா மோரை மட்டும் குடிச்சிட்டு உக்காராத.”

பங்குனியிலிருந்து இப்படி வருகிறது. எப்போதும் மத்தியானம்தான். மைமூன் சாப்பிடப் போய், ஷட்டரை இறக்கிவிட்டு, நான் மட்டும் மைக்ராஸ்கோப் அறையில் இருக்கும்போது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன கேட்பார்கள் என்று தெரியும்.

இன்றைக்குச் சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

பாளையங்கோட்டையிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பேங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது சின்ன ஆஸ்பத்திரி, கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் தனியாகப் போய்ப் பார்க்கிறாள். நனைந்த குடையை எங்கே வைக்க என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

என்ன சாப்ட்வேர் போடுவாய் என்று கேட்டேன்.

“அதக் கடைசியாப் பாப்போம்க்கா. உங்க லேப்புக்குள்ள யாரு யாரு வரலாம், அத மொதல்ல சொல்லுங்க.”

“அஞ்சு பேரு.”

“மெயிலுக்கு ஆறு கணக்குல்லா காட்டுது?”

“ஒண்ணு பழசு.”

“பழசுன்னா வேலைய விட்டுட்டாவளா?”

நான் பதில் சொல்வதற்குள் மைமூன் சுவரைக் காட்டினாள். ஜெசிந்தா மாலை போட்ட படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அத மொதல்ல அடைச்சிரணும்க்கா. ஆள் இல்லாத வீடு மாதிரி அது. எவன் உள்ள வந்து உக்காந்தாலும் தெரியாது.”

மைக்ராஸ்கோப் அறையையும் எட்டிப் பார்த்தாள். “இந்தக் கம்ப்யூட்டர்ல யாரு உக்காருவா?” நான்தான் என்றேன். எழுதிக்கொண்டாள். எதற்கு எழுத வேண்டும்?

ஜூன் 16, திங்கள்

சென்னைக் கம்பெனி ஒன்றுடன் வீடியோவில் பேச்சு. நிஷாந்த் என்று ஒரு பையன், டை கட்டியிருந்தான். எத்தனை கம்ப்யூட்டர் என்று மட்டும் கேட்டான். எல்லாவற்றையும் அங்கிருந்தே போட்டுவிடுவார்களாம். ஒரு பக்கம் தருவார்கள், அதில் பச்சை டிக் இருந்தால் எல்லாம் சரி, சிவப்பானால் அவர்களே கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சான்றிதழும் உண்டு.

சென்னைக் கம்பெனியே என்று முடிவு செய்துவிட்டேன். ஜெசிந்தா தனி ஆள், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவது? பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். பேச்சும் அதிகம். இதில் வேறு காரணம் எதுவும் இல்லை.

மைமூன், “அந்த அக்கா நல்லாத்தானே கேட்டாவ” என்றாள். வேலையைப் பார் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

எல்லாம் போட்டாகிவிட்டது. லேப் சாப்ட்வேருக்குப் பாஸ்வேர்டு மாறிவிட்டது. மெயில் திறக்க இனி அவரவர் போனுக்கு ஒரு எண் வரும், அதையும் அடிக்க வேண்டும்.

“மேம், ஆறாவது யூசருக்கு எந்த மொபைல் நம்பர் கொடுக்கட்டும்?” என்று நிஷாந்த் கேட்டான். அதற்குத் தேவையில்லை, அப்படியே இருக்கட்டும் என்றேன். “ஓகே மேம்” என்றான். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

பச்சை டிக் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சான்றிதழ் அனுப்பினேன். மைமூனுக்குச் சந்தோஷம், எல்லாருக்கும் அல்வா வாங்கி வந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலை பதினோரு மணி, கவுண்டரில் கூட்டம். நான் மலேரியா ஸ்லைடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் லென்ஸில், ஒரு கை ஸ்லைடை நகர்த்தும் திருகில், மறு கை போகஸ் திருகில். பக்கத்தில் கம்ப்யூட்டரில் மெயில் வந்த சத்தம். திரும்பினால் மொழி.

“அக்கா.. ரிப்போர்ட் எதையும் திறக்க முடியலியே. புது பாஸ்வேர்டு என்ன?”

என் இரண்டு கைகளும் மைக்ராஸ்கோப்பில் இருந்தன. மத்தியானமும் இல்லை.

“அக்கா”வுக்குப் பிறகு இரண்டு புள்ளி, அவள் வைப்பது போலவே. இன்னொரு முறை படித்தேன். பயம் என்று சொல்ல மாட்டேன். ஸ்லைடை முடிக்காமல் எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் மெயில் இருந்தது. மைமூன் வாசலில் நின்று, “ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கிய?” என்றாள். தலைவலி என்றேன்.

புது பாஸ்வேர்டை எழுதிப் பதில் அனுப்பினேன்.

ஜூன் 30, திங்கள்

கேட்டுவிட்டேன். “நீ யாரு?” என்று.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. “என்னக்கா இப்படிக் கேக்க? நான்தான். நீ தனியாவா இருக்க?”

மழை ஷட்டர் மேல் விழுந்துகொண்டிருந்தது. விளக்கைப் போடவில்லை. ஆமா, தனியாத்தான் இருக்கேன் என்று எழுதினேன்.

“நான் இருக்கேன்லா” என்று வந்தது.

பச்சை டிக் பச்சையாகத்தான் இருக்கிறது. பார்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மொழியின் பெட்டிக்கு ஒரு டீச்சரிடமிருந்து மெயில் வந்திருந்தது. அவள் பெயரையும் எதற்குச் சோதனை செய்தாள் என்பதையும் இங்கேயும் எழுத மாட்டேன். போன வருடம் எங்களிடம் பார்த்தவள். முடிவை மொழிதான் சொன்னாள். பிறகு அந்தப் பெண் வேலை மாறி வெளியூர் போய்விட்டாள். “அக்கா, நீங்க எழுதுனதுல இருந்து தூக்கம் இல்ல. இப்ப நான் என்ன செய்யட்டும்?” என்று இருந்தது.

மொழி அவளுக்கு என்ன எழுதியிருந்தாள் என்று நான் முந்தைய மெயில்களைத் திறந்து பார்க்கவில்லை. கஷ்டப்படுகிற பெண், உடனே ஒரு வார்த்தை போக வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“பயப்படாத கண்ணு, நான் இருக்கேன். மொதல்ல சாப்பிடு” என்று அவளுக்குப் பதில் போயிற்று. மொழி சொல்லியிருக்கக்கூடிய பதில்தான்.

ஜூலை 7, திங்கள்

சோதனைக்கான ரீஏஜென்ட் வரவில்லை. குளிர்பெட்டி சத்தம் போடுகிறது. பழுது பார்க்க ஆளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மைமூன் கிளம்பிக்கொண்டிருந்தாள். குனிந்து உள்ளே வந்தாள் ஒரு பெண். சேலையெல்லாம் ஈரம். கையில் போன்.

“மொழியக்காவப் பாக்கணும்.”

மைமூன் திகைத்து நின்றுவிட்டாள். நான் அறையிலிருந்து வந்தேன். யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அவியட்ட நேர்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருதேன்” என்றாள் டீச்சர். “மெயில்ல வேண்டாம். முகத்தப் பாத்துக் கேக்கணும். ஏன்க்கா இப்படிச் செய்யுதியன்னு.”

“எப்ப மெயில் போட்டாவ?” என்று மைமூன் கேட்டாள்.

“நேத்துக்கூட.”

மைமூன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் போன திசையில் டீச்சரும் பார்த்தாள். சுவரில் படம், மாலை, கீழே தேதி. அந்தப் பெண் தேதியை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். பிறகு போனைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள், சுட்டுவிட்டது போல.

“அப்ப நான் இத்தன நாளா யார்ட்டப் பேசுனேன்?”

நான் போனை எடுத்துப் படித்தேன். முதல் மெயிலில் அவளுடைய ரிப்போர்ட்டே இணைந்திருந்தது. அடுத்ததில் பணம். அதற்கடுத்ததில், பணம் வராவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ரிப்போர்ட் போகும் என்று. எல்லாம் “கண்ணு” என்று ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி.

நடுவில் அந்த ஒரு வரியும் இருந்தது.

“மொதல்ல எவனோ திருட்டுப்பயன்னுதான் நெனச்சேன்” என்றாள் டீச்சர். “போலீஸுக்குப் போவோம்னு அண்ணன்ட்டச் சொல்லக் கிளம்பிட்டேன். அப்ப இது வந்துச்சு. மொதல்ல சாப்பிடுன்னு. எவன் இப்படி எழுதுவான்? அக்காதான், அவியளுக்கு ஏதோ நெருக்கடி, வேற வழி இல்லாமக் கேக்காவன்னு நெனச்சிட்டேன். இருந்ததக் குடுத்தேன். மறுபடியும் கேக்காவ.”

மைமூன் அவளுக்குத் துண்டு கொடுத்தாள், டீ வாங்கி வந்தாள். நான் மொழியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எதையாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்ல வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சென்னைக்குப் போன் போட்டேன். நிஷாந்த் பார்த்துவிட்டுச் சொன்னான்: “எங்க சிஸ்டத்துல எந்த அலர்ட்டும் இல்ல மேம். யாரும் உடைச்சுக்கிட்டு வரல. சரியான பாஸ்வேர்டு போட்டுத்தான் வந்திருக்காங்க. அந்தக் கணக்குக்குப் போன் நம்பர் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவன் சொன்னதில் தப்பில்லை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிறுத்திவிட்டாள். “எதையும் தொடாதிய. எதையும் அழிக்காதிய. நான் வாரேன்.”

ஜூலை 12, சனி

ஜெசிந்தா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மொழியின் கணக்குக்குள் யார் எப்போது எங்கிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்குமாம். மைமூனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“மே மாசத்துல இருந்து ஒருத்தன் உள்ள இருக்கான்க்கா. வெளிநாட்டு விலாசம் காட்டுது, அத நம்ப முடியாது. உங்க தங்கச்சி துணி வாங்குற ஒரு சைட்லயும் இதே பாஸ்வேர்டுதான் வச்சிருந்திருக்காவ. அந்த சைட்டுல இருந்து கசிஞ்சிருக்கு. வந்தவன் ஒடனே ஒண்ணும் செய்யல. உக்காந்து படிச்சிருக்கான். வருசக் கணக்கா அவிய எழுதுன மெயில் எல்லாத்தையும். இப்ப அதையெல்லாம் கம்ப்யூட்டர்ட்டக் குடுத்தா அவிய மாதிரியே எழுதிக் குடுத்துரும்.”

“ரெண்டு புள்ளியும்?”

“ரெண்டு புள்ளியும்தான். பாஸ்வேர்டு கேட்டு உங்களுக்கு எழுதுனது அவன். நீ தனியாவா இருக்கன்னு கேட்டதும் அவன். டீச்சரத் தவிர இன்னும் நாலு பேருக்கு எழுதியிருக்கான்.”

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“இதெல்லாம் அவன் இல்லக்கா. அக்கா சாப்பிட்டியா, மோரு, மழைல நனையாதன்னு. இதெல்லாம் வெளியில இருந்து வரல. இந்த லேப்புக்குள்ள இருந்து, அந்த ரூம் கம்ப்யூட்டர்ல இருந்து போயிருக்கு. எல்லாமே மத்தியானம் ரெண்டு மணியச் சுத்தி. அவன் வரதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருக்கு.” திரையில் இன்னொரு வரியைத் தொட்டுக் காட்டினாள். “டீச்சருக்குப் போன அந்த ஒரு வரியும் அங்க இருந்துதான்.”

எனக்குத் தெரியாது என்றேன்.

ஜெசிந்தா இரண்டாம் முறை கேட்கவில்லை. என் கையைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“அவன் அதையும் படிச்சிருப்பான்க்கா” என்றாள். “ரெண்டு மணிக்கு இங்க என்ன நடக்குன்னு பாத்துட்டே இருந்திருக்கான். அதனாலதான் உங்கட்டத் தைரியமாக் கேட்டிருக்கான்.”

இதை எழுதும்போது இப்போதும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். நான் உட்கார்ந்து தட்டுவதை ஒருவன் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எத்தனை மத்தியானம்.

ஜூலை 14, திங்கள்

இன்று அடைத்தோம். கணக்கில் இருந்தது எல்லாவற்றையும் போலீஸுக்காக ஜெசிந்தா ஒரு பிரதி எடுத்தாள். மற்ற ஐந்து பேரின் பாஸ்வேர்டுகளையும் மாற்றினாள். சென்னைக் கம்பெனியின் சாப்ட்வேர் அப்படியே இருக்கட்டும், அது செய்கிற வேலையை அது செய்யும் என்றாள். இனி யாராவது வேலையை விட்டால் அன்றைக்கே அவர் கணக்கு மூடப்பட வேண்டும். அதை மைமூன் பார்த்துக்கொள்வாள். என்னிடம் கொடுக்கவில்லை.

கடைசிப் பொத்தானுக்கு முன்னால் என்னைப் பார்த்தாள்.

“பழைய மெயில நீங்க படிக்கலாம்க்கா. எடுத்துத் தாரேன். ஆனா அந்தப் பேர்ல இனிமே யாரும் எழுத முடியாது.”

“அவனும்?”

“அவனும்.”

“ரெண்டு மணிக்கும்?”

வாயிலிருந்து வந்துவிட்டது. ஜெசிந்தா நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“ரெண்டு மணிக்கும்தான்க்கா.”

சரி என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

சைபர் கிரைமில் புகார் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்கு நானே போய்ச் சொன்னேன். விசாரித்து முடியும்வரை சாம்பிள் அனுப்ப மாட்டார்களாம். மைமூனிடம் சொன்னபோது, “பாத்துக்கலாம்க்கா” என்றாள். அவள் சம்பளத்தை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நோயாளிகளுக்கு அனுப்ப ஜெசிந்தா ஒரு அறிவிப்பு எழுதித் தந்தாள். “எங்கள் முன்னாள் பணியாளர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கு” என்று ஆரம்பித்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். என் தங்கை குழல்வாய்மொழி மார்ச் மாதம் இறந்துவிட்டாள், அதன் பிறகு அவள் பெயரில் வந்த எதுவும் அவள் எழுதியது அல்ல என்று எழுதினேன். எழுத ரொம்ப நேரம் ஆயிற்று.

மெயில் வந்த ஐந்து பேரில் நாலு பேருக்குப் போனில் சொன்னேன். ஒருவர் திட்டினார். ஒருவர் பேசாமல் வைத்துவிட்டார். டீச்சருக்குப் போனில் சொல்ல முடியாது.

ஜூலை 19, சனி

ஆலங்குளம் பஸ். காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. டீச்சர் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாள். கதவைப் பாதி திறந்து, நான்தானா என்று பார்த்துவிட்டு மீதியைத் திறந்தாள்.

கதவுச் சங்கிலியை அவள் மறுபடி போடும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

“பணம் கேட்டவன் திருடன். அவனப் பிடிப்பாவளான்னு தெரியல. உங்க ரிப்போர்ட்ட என்ன செய்வான்னும் தெரியல. ஆனா நடுவுல ஒரு வரி இருந்துச்சுல்லா, மொதல்ல சாப்பிடுன்னு. அத எழுதுனது நான்.”

அவள் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“மொழி பேர்ல நானே எனக்கு எழுதிக்கிட்டு இருந்தேன். அவ போனதுல இருந்து. அவன் அங்க இருக்கான்னு பிற்பாடு தெரிஞ்சும் அடைக்கல. அடைச்சா அவளும் போயிருவான்னு. நீங்க எழுதுனதப் பாத்ததும் அவ என்ன சொல்லுவாளோ அதச் சொல்லிட்டேன்.”

“அந்த ஒண்ணத்தான்க்கா நான் நம்புனேன்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ இட்லிக்கு ஆட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் தானே சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். “எவனோ சொல்லித் தெரியுறதுக்கு நானே சொல்லிருதேன்” என்றாள். நானும் கூட வரட்டுமா, நோயைப் பற்றி விளங்கச் சொல்கிறேன் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் வருவதைப் பார்த்ததும் சொன்னாள்: “வீட்டுக்குப் போனதும் போன் பண்ணுங்க. மெசேஜ் போடாதிய. நான் எதையும் வாசிக்க மாட்டேன். குரலக் கேட்டாத்தான் நம்புவேன்.”

தென்காசி வந்து சேரும்போது மழை. செருப்பைக் கழற்றியதும் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் எடுத்துவிட்டு எதுவும் பேசாமல் காத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

“நான் உலகம்மாள் பேசுதேன்” என்றேன்.